மாஸ்கோவில் ஏழு ஆட்டங்கள்: 1980-ஆம் ஆண்டின் கூடைப்பந்துக் கதை

மலர்க் குழுவினர் "நீயும் ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று கேட்டபோது கொஞ்சம் யோசித்தேன். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும், அரியர் வைத்த கதைகளைப் பற்றியும் எழுத என்னைவிட நன்றாக எழுதக்கூடிய பத்துப் பேர் நம் செட்டிலேயே இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பைக் கெடுப்பானேன்? நான் இந்தக் கல்லூரியில் நான்கு ஆண்டுகளும் மாலை ஐந்து மணிக்குமேல் இருந்த இடம் பாஸ்கட்பால் கோர்ட். ஆகவே அந்த விளையாட்டின் வரலாற்றிலிருந்து ஓர் ஆண்டை எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டு 1980.

ஏன் 1980? இந்தியக் கூடைப்பந்து அணி ஒலிம்பிக்ஸில் ஆடிய ஒரே ஆண்டு அது. அதற்கு முன்பும் இல்லை, இன்று வரை அதற்குப் பின்பும் இல்லை. சென்ற முறை கல்லூரிக்கு வந்திருந்தபோது இப்போதைய அணி மாணவர்கள் நான்கு பேரிடம் பேசிக்கொண்டிருந்தேன். கோபி பிரையன்ட் எந்த வருடம் எத்தனை பாயிண்ட் போட்டார் என்று புள்ளிவிவரத்தோடு சொல்கிறார்கள். இந்தியா ஒலிம்பிக்ஸில் கூடைப்பந்து ஆடியதுண்டா என்றால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தம்பிகளைக் குறை சொல்லி என்ன செய்வது? பாடப் புத்தகத்தில் இல்லை, பேப்பரிலும் வருவதில்லை.

கதைக்குப் போகும் முன் ஒரு சின்ன முன்கதை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், 1891 டிசம்பரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பனிக்காலத்தில் உள்ளே ஆடுவதற்கென்று உண்டாக்கிய ஆட்டம் இது. பீச் பழக்கூடைகள் இரண்டை எடுத்து மாடிக் கைப்பிடியில் ஆணி அடித்து மாட்டினார்கள். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. உலகம் முழுக்க இன்றும் ரிங் உயரம் அதே பத்தடிதான், அதாவது 3.05 மீட்டர். எந்தக் கணக்கும் போட்டு வந்த அளவு அல்ல. ஒரு கட்டடத்தில் தற்செயலாக அமைந்த உயரம்! எங்களைப் போன்ற சிவில் ஆட்களுக்கு இதைக் கேட்டால் ஒரு சந்தோஷம்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் மெட்ராசில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இருக்கிறதே, அதே கல்லூரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணியோடு போனவரும் அவரே. அங்கே படித்து வெளியே வந்த பி.டி. வாத்தியார்கள் தமிழ்நாடு முழுவதும் பள்ளிகளுக்குப் போனார்கள். போன இடமெல்லாம் வாலிபால் வலை ஒரு பக்கம், பாஸ்கட்பால் கம்பம் ஒரு பக்கம் என்று நட்டார்கள். கிரிக்கெட் மட்டை வாங்கக் காசில்லாத பள்ளிக்கூடங்களில்கூட இந்தக் கம்பம் இருந்ததற்கு அதுதான் காரணம். தேசிய சாம்பியன்ஷிப் 1934-இல் டெல்லியில் தொடங்கியது. இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம் 1950-இல் அமைந்தது.

இனி 1980.

அந்த ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி, மேற்கு பெர்லின். ஐரோப்பிய கிளப் சாம்பியன்களுக்கான கோப்பையின் இறுதி ஆட்டம். ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அணி, இஸ்ரேலின் மக்காபி டெல் அவிவ் அணியை 89–85 என்று வென்றது. ரியல் மாட்ரிட் என்றால் நமக்கு ஃபுட்பால்தான் தெரியும். அந்தக் கிளப்புக்குக் கூடைப்பந்திலும் இது ஏழாவது ஐரோப்பியக் கோப்பை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1958-இல் இந்தப் போட்டி தொடங்கியபோது முதல் மூன்று முறையும் கோப்பையைக் கொண்டுபோனது சோவியத் லாட்வியாவின் ரீகா நகரத்து அணி. அதன் பயிற்சியாளர் அலெக்சாந்தர் கோமெல்ஸ்கி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மாஸ்கோவில் மறுபடியும் வருவார்.

ஐரோப்பாவின் இரண்டாவது கோப்பையில் அந்த வருடம் இறுதிக்கு வந்த இரண்டுமே இத்தாலிய அணிகள். வரேஸே ஜெயித்தது, கான்டூ தோற்றது. எனக்கு இதில் பிடித்தது தோற்ற ஊர்தான். கான்டூ, மிலான் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர். மக்கள் தொகை நாற்பதாயிரம் சுமார். மேஜை, நாற்காலி, கட்டில் செய்யும் ஊர். நமக்குப் பூட்டு எப்படியோ அப்படி அவர்களுக்கு மரச்சாமான். நம் திண்டுக்கல்லில் 2011 கணக்கெடுப்புப்படி இரண்டு லட்சம் பேர். ஐந்தில் ஒரு பங்குதான் அந்த ஊர். அந்த ஊர் அணி 1977, 78, 79 மூன்று வருடமும் அந்த இரண்டாவது கோப்பையை வாங்கியது. 1980-இல் கோட்டைவிட்டு, 1981-இல் திரும்ப எடுத்தது. பிறகு 1982-இலும் 1983-இலும் ஐரோப்பாவின் முதல் கோப்பையையே வென்றது! பெரிய நகரம், பெரிய ஸ்டேடியம், பெரிய பணம் இருந்தால்தான் விளையாட்டு வளரும் என்று சொல்பவர்களிடம் நான் எப்போதும் கான்டூவைச் சொல்வதுண்டு. தச்சுப்பட்டறைக்காரர்கள் ஐரோப்பாவையே ஜெயித்திருக்கிறார்கள் ஐயா!

மே மாதம் 16-ஆம் தேதி அமெரிக்காவில் பிலடெல்பியா. என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் நெட்டைக் கொக்கு கரீம் அப்துல் ஜபாருக்கு முந்தின ஆட்டத்தில் கணுக்கால் சுளுக்கிக்கொண்டதால் அவர் ஊரிலேயே தங்கிவிட்டார். அவர் இடத்தில் சென்டராக நின்றவர் இருபது வயதுப் பையன், அணிக்கு வந்து முதல் வருடம். பந்தைக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுக்கும் கார்டு அவர், சென்டரே அல்ல. பெயர் மேஜிக் ஜான்சன். 42 புள்ளி, 15 ரீபவுண்டு, 7 அசிஸ்ட். லேக்கர்ஸ் 123–107 என்று ஜெயித்துக் கோப்பையை வாங்கியது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவிலேயே பல ஊர்களில் இந்த ஆட்டத்தை நேரடியாகக் காட்டவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு மேல் டேப் போட்டுக் காட்டினார்கள். இன்று உலகத்தையே கட்டிப்போட்டிருக்கும் என்.பி.ஏ. 1980-இல் இருந்த நிலைமை அது.

அந்த சீசனில்தான் என்.பி.ஏ.வில் மூன்று புள்ளிக் கோடு முதன்முதலாகப் போடப்பட்டது. பலர் அதைச் சர்க்கஸ் வேலை என்றார்கள். சர்வதேச சம்மேளனமான ஃபீபா 1984-இல்தான் அதை ஏற்றது. ஆகவே மாஸ்கோவில் எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டே புள்ளி. நேரமும் நான்கு கால்பகுதி கிடையாது. இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி. முப்பது வினாடிக்குள் பந்தைப் போட்டாக வேண்டும். இப்போது அது இருபத்துநான்கு.

இனி மாஸ்கோ. 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒலிம்பிக்ஸைப் புறக்கணிக்கச் சொன்னார். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் போகவில்லை. எண்பது நாடுகள் போயின. அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களைக் கொண்டு தேர்ந்தெடுத்த ஒலிம்பிக் அணி, ஐசையா தாமஸ் போன்ற இளைஞர்கள் இருந்த அணி, உள்ளூரிலேயே என்.பி.ஏ. ஆட்டக்காரர்களோடு ஆடிவிட்டு வீட்டுக்குப் போனது. வாழ்நாளில் ஒருமுறை வரும் வாய்ப்பு, அவர்கள் செய்யாத தப்புக்குப் போய்விட்டது.

ஆசியாவுக்கு ஒரே இடம்தான். அது ஆசிய சாம்பியனுக்கு. 1979-இல் ஜப்பானின் நகோயாவில் நடந்த ஆசியப் போட்டியில் சீனா முதலிடம், ஜப்பான் இரண்டு, தென்கொரியா மூன்று, பிலிப்பைன்ஸ் நான்கு, இந்தியா ஐந்து. முன்னால் இருந்த நான்கு நாடுகளும் மாஸ்கோவுக்கு வரவில்லை. ஐந்தாவதாக நின்றவர்களுக்குக் கதவு திறந்தது.

"அப்படியானால் ஓசி டிக்கெட்தானே?" என்று ஒரு சீனியர் அண்ணன் என்னிடம் கேட்டார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பஸ்ஸில் முன்னால் நின்றவர்கள் இறங்கிப் போனதால் சீட் கிடைத்தது என்பது உண்மைதான். ஆனால் அந்த வரிசையில் ஐந்தாவதாக நிற்பதற்கே ஒரு தகுதி வேண்டும். அதற்கு நான்கு வருடம் முன்பு, 1975-இல் பாங்காக்கில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா நான்காவது இடம் வாங்கியிருந்தது. அந்தப் பத்தாண்டில் ஆசியாவில் நம்மை யாரும் சும்மா நினைத்துவிட முடியாது. ரயில்வே, ராணுவம், போலீஸ் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு, வேலை நேரம் போக மீதி நேரத்தில் ஆடியவர்கள் கட்டிய அணி அது. அஜ்மீர் சிங், ஹனுமான் சிங், ராதே ஷ்யாம், பரம்ஜித் சிங், தர்லோக் சிங் சந்து என்று வடக்கத்திப் பெயர்களாகவே போகும் பட்டியலில் அமர்நாத் நாகராஜன், திலீப் குருமூர்த்தி என்று இரண்டு தெற்கத்திப் பெயர்களும் வருகின்றன. ஹனுமான் சிங்குக்கு 1975-க்கான அர்ஜுனா விருதும், அஜ்மீர் சிங்குக்கு 1982-க்கான அர்ஜுனா விருதும் கிடைத்தன.

ஜூலை 19, லெனின் ஸ்டேடியத்தில் தொடக்க விழா. ஒலிம்பிக் ஜோதியை ஏற்றியவர் ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரர், செர்கெய் பெலோவ். 1972-இல் சோவியத்துக்குத் தங்கம் வாங்கித் தந்தவர்களில் ஒருவர். பார்வையாளர் வரிசைக்கு மேலே பலகைகளைத் தூக்கிப் பிடித்துப் பாதை போட்டுக்கொடுக்க, அதன் மேலேயே ஓடிப்போய் ஏற்றினார். மறுநாள் முதல் அதே பெலோவ் கோர்ட்டில். அவருடைய பயிற்சியாளர், நான் ஞாபகம் வைக்கச் சொன்ன கோமெல்ஸ்கி. அவர்களுடைய சென்டர் விளாதிமிர் த்காசென்கோ 2.20 மீட்டர் உயரம். நின்ற இடத்தில் கையைத் தூக்கினால் ரிங்குக்கு ஏறத்தாழ ஒரு சாண்தான் பாக்கி!

இந்தியா விழுந்த பிரிவைப் பாருங்கள்: சோவியத் யூனியன், செக்கோஸ்லோவாக்கியா, பிரேசில், இந்தியா. இதில் இரண்டு நாடுகள் இன்று உலக வரைபடத்திலேயே இல்லை. பிரேசில் அணியில் பின்னாளில் ஐந்து ஒலிம்பிக்ஸ் ஆடிப் புகழ்பெற்ற ஆஸ்கர் ஷ்மிட், அப்போது முதல் ஒலிம்பிக்ஸ் ஆடுகிற இளைஞர்.

முடிவுகளை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். சோவியத்திடம் 65–121. செக்கோஸ்லோவாக்கியாவிடம் 65–133. பிரேசிலிடம் 64–137. பிறகு ஏழு முதல் பன்னிரண்டு வரையிலான இடங்களுக்கு போலந்து, ஆஸ்திரேலியா, சுவீடன், செனகல் அணிகளோடு நான்கு ஆட்டம். அவற்றிலும் தோல்வி. ஏழுக்கு ஏழு தோல்வி, பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம்.

இதைப் படித்தவுடன் "சீ!" என்று புரட்டிவிடாதீர்கள். இன்ஜினியர் புத்தி, எண்ணைப் பார்த்தால் சும்மா இருக்காது. முதல் மூன்று ஆட்டத்திலும் நாம் போட்டது 65, 65, 64. எதிரி யாராக இருந்தாலும், அவர்கள் 121 போட்டாலும் 137 போட்டாலும், நம் ஆட்கள் போட்டது ஏறக்குறைய ஒரே அளவு. தோற்றுக்கொண்டிருக்கும் அணி பாதியிலேயே கையைத் தொங்கப் போட்டுவிட்டால் எண்ணிக்கை இப்படி நிற்காது. மூன்றாவது ஆட்டத்தில் நாற்பதுக்கு இறங்கியிருக்கும். ஓட்டை இருந்தது தடுப்பாட்டத்தில். மூன்று ஆட்டத்தில் விட்டது 391 புள்ளி, ஆட்டத்துக்கு 130. நாற்பது நிமிட ஆட்டத்தில் நிமிடத்துக்கு மூன்று புள்ளிக்கு மேல், அதுவும் மூன்று புள்ளிக் கோடே இல்லாத காலத்தில். பந்தைப் போட்டுவிட்டு நாம் திரும்பி ஓடி வருவதற்குள் அவர்கள் அந்தப் பக்கம் போட்டிருக்கிறார்கள். ரிங்கடியில் தவறிய பந்தை எடுப்பது யார் என்றால் உயரமானவன்தான். நம்மால் ரீபவுண்டுக்கு எட்ட முடியவில்லை. எட்டினால் திரும்பி ஓட மூச்சில்லை.

மூச்சுக்கும் முழங்காலுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. அவர்கள் ஆடி வளர்ந்தது மரத்தளத்தில். அடியில் சட்டங்கள், மேலே பலகை. குதித்து இறங்கும்போது தளம் சற்று வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும். நாம் வளர்ந்தது சிமென்ட் தளத்தில். சிமென்ட் எதையும் வாங்கிக்கொள்ளாது, கொடுத்ததை அப்படியே முழங்காலுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். தினம் நூறு முறை குதித்துப் பழக வேண்டிய பையன் முப்பதோடு நிறுத்திக்கொள்வான். நம் கல்லூரியில் ஆடிய எத்தனை பேர் இப்போது மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறோம் என்று நமக்கே தெரியும்! இத்தனைக்கும் 1936 பெர்லினில் கூடைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்ஸுக்கு வந்தபோது ஆடியது திறந்தவெளி மண் தரையில்தான். இறுதி ஆட்டத்தன்று மழை. பந்து தரையில் தட்டினால் எழும்பவில்லை. அமெரிக்கா 19, கனடா 8. அப்படியே மண்ணிலேயே இந்த ஆட்டம் நின்றிருந்தால் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் குறைந்திருக்கும் என்று சில சமயம் வேடிக்கையாக நினைத்துக்கொள்வேன்.

மாஸ்கோவின் மீதிக் கதை சுருக்கமாக: சொந்த மண்ணில் தங்கம் உறுதி என்று இருந்த சோவியத்தை இத்தாலி 87–85 என்று கவிழ்த்தது. மேற்கத்திய அரசுகளின் எதிர்ப்பால் தன் தேசியக் கொடி இல்லாமல், ஒலிம்பிக் கொடியின் கீழ் ஆடிய இத்தாலி! பிறகு யூகோஸ்லாவியாவும் சோவியத்தைத் தோற்கடித்தது. இறுதியில் யூகோஸ்லாவியா 86, இத்தாலி 77. தலிபாகிச், கிசானோவிச், சோசிச், தெலிபாசிச் என்று அந்த யூகோஸ்லாவிய அணியின் பெயர்களை உச்சரிப்பதே ஒரு பயிற்சி. ஜோதி ஏற்றிய பெலோவுக்குக் கிடைத்தது வெண்கலம். பெண்கள் பிரிவில் சோவியத் தங்கம், பல்கேரியா வெள்ளி, யூகோஸ்லாவியா வெண்கலம்.

இவ்வளவு நடந்தும் நம்மூரில் ஏன் யாருக்கும் தெரியவில்லை? என் அப்பாவுக்கு அப்போது இருபது வயது. மாஸ்கோ என்றாலே அவர் சொல்வது ஹாக்கி. ஜூலை 29-இல் ஸ்பெயினை 4–3 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது, கேப்டன் நம் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன். மறுநாள் பேப்பரில் அதுதான் முழுக்க. பன்னிரண்டாவதாக வந்த அணிக்கு இடம் எங்கே இருந்திருக்கும்? திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில் ஓர் ஊர். தனி மாவட்டம் ஆனது 1985-இல். இந்தப் பக்கம் வீட்டில் டி.வி. என்ற பேச்சே இல்லை. ரேடியோவில் கேட்டால் உண்டு. அதிலும் கூடைப்பந்துக்கு வர்ணனை யார் சொல்வார்கள்?

ஆனாலும் இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கூடைப்பந்து தெரியாது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இங்கிருந்து வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி வழியாக பஸ் ஏறினால் பெரியகுளம். அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகளாக அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்தி வருகிறது. மாம்பழ சீசனில், மே மாதத்தில், மின்னொளியில், திறந்தவெளி கோர்ட்டில். இந்தியன் ஓவர்சீஸ் பாங்க், விமானப்படை, கடற்படை, கேரள மின்சார வாரியம் என்று நாட்டின் பெரிய அணிகள் வந்து ஆடும். ஐரோப்பாவில் கிளப் என்றால் ஊர்ப்பெயர். நம் நாட்டில் கிளப் என்றால் பாங்க், போர்டு, படை. ஆட்டக்காரனுக்கு வேலை கொடுக்கிற இடம்தான் அவன் கிளப். கோவையில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, பெரியகுளத்தில் இது. இந்த இரண்டும் நான் பார்த்த வரை ஒரு சர்வகலாசாலைப் படிப்புக்குச் சமம். நானும் நம் செட்டில் ஆறு பேரும் இரண்டாம் வருடத்தில் ஒருநாள் செமஸ்டர் லீவில் பெரியகுளம் போய், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துவிட்டு வந்தோம். இந்தியாவுக்கு ஆடும் ஆட்களைப் பத்தடி தூரத்தில் பார்த்தது அன்றுதான். கேலரியில் பக்கத்தில் இருந்த பெரியவர், தலைப்பாகை கட்டின விவசாயி, ஒவ்வொரு ஃபவுலையும் விசில் அடிக்கும் முன்னே சொன்னார். நடுவர் அவரைப் பார்த்துத்தான் விசில் ஊதுகிறாரோ என்று எங்களுக்குச் சந்தேகம்!

1980-க்குப் பின் என்ன ஆயிற்று? 1989-இல் ஃபீபா தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் ஒலிம்பிக் கதவைத் திறந்தது. 1992-இல் பார்சலோனாவில் அமெரிக்காவின் ட்ரீம் டீம் வந்தது. அதன் பின் உலகம் வேறு வேகத்தில் ஓடியது. நமக்கு இடையிடையே சில நல்ல நாட்கள் உண்டு. 2009-இல் பெண்களுக்கான ஆசிய சாம்பியன்ஷிப் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கத்திலேயே நடந்தது; சீனா ஜெயித்தது. அந்தத் தலைமுறையின் சென்னை ஆட்டக்காரர் அனிதா பால்துரைக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2014 ஜூலையில் சீனாவின் வூஹான் நகரில், சீனாவையே, அவர்கள் ஜனங்களுக்கு முன்னாலேயே, நம் ஆண்கள் அணி 65–58 என்று தோற்கடித்தது. (அதே 65! அன்று மாஸ்கோவில் 65 போட்டு 121 விட்டோம். இங்கே 65 போட்டு 58-ஓடு நிறுத்தினோம். வித்தியாசம் முழுக்கத் தடுப்பில்.) 2015-இல் பஞ்சாப் கிராமத்துப் பையன் சத்னாம் சிங்கை டல்லாஸ் மேவரிக்ஸ் 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. தேர்வில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர்.

கடைசியாக நம் கோர்ட் பற்றி ஒரு வார்த்தை. கோடுகளைப் பார்த்தேன். மூன்று புள்ளிக் கோடு இன்னும் 6.25 மீட்டரில் இருக்கிறது. 2010 முதல் அது 6.75. ரிங்கடியில் இருக்கும் கட்டம் இன்னும் பழைய சரிவக வடிவம். அதே 2010-இல் அது நீள்சதுரமாகிவிட்டது. நம் பையன்கள் இங்கே பழகிவிட்டு ஜோனல் போட்டிக்குப் போய் அரை மீட்டர் தள்ளி நின்று எறிகிறார்கள், பந்து ரிங்கின் முன்விளிம்பில் அடித்துத் திரும்புகிறது. இது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. பழைய கோட்டைச் சுரண்டி, புதுக் கோடு அளந்து, ரோடு பெயின்ட் அடிக்க இரண்டு நாள். தளம் போடுகிற பேச்சு சங்கத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது நடக்கும்போது நடக்கட்டும், கோட்டை முதலில் போட்டுவிடலாம். சந்திப்பு முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் டேப்போடு கோர்ட்டில் இருப்பேன். சுண்ணாம்புக் கயிறு பிடிக்க இரண்டு பேர் வேண்டும். மெக்கானிக்கல் ஆட்களானாலும் பரவாயில்லை.